பதினான்காம் கேள்வி

பெரிய காஞ்சிபுரத்தில் பரசுராமன் நடத்திவந்த அச்சகத்தில் பிராமி இருபத்தோரு வருஷம் பிழை திருத்தினாள். கல்யாணப் பத்திரிகை, கோயில் உற்சவ நோட்டீஸ், பட்டுக் கடைகளின் பெட்டி அட்டை, பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று எதுவானாலும் அச்சுக்குப் போகும் முன் அவள் மேஜைக்கு வந்து போகும். வேலைக்குச் சேர்ந்த வருஷமே ஒரு கல்யாணப் பத்திரிகையில், உயிரோடு இருந்த தாத்தாவின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று விழுந்துவிட்டது. அந்தப் பெரியவரே பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. “நான் இன்னும் இருக்கேம்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அதற்குப் பிறகு பிராமி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். வரிக்கு அடியில் ஸ்கேல் வைத்து ஒரு தடவை படிப்பாள். பிறகு கடைசி வரியில் தொடங்கி மேலே போவாள். பின்னாலிருந்து படித்தால் அர்த்தம் ஓடாது, எழுத்து மட்டும்தான் தெரியும். அர்த்தம் புரிந்துவிட்டால் கண் தன்பாட்டுக்கு ஓடிவிடும் என்பது அவள் அனுபவம்.

வாடிக்கையாளர்கள் செல்போனிலேயே ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லத் தொடங்கியதும் அவளுக்கு வேலை குறைந்தது. பரசுராமன் போகச் சொல்லவில்லை. மேஜை காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் அவளே நின்றுவிட்டாள். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. கணவன் ஜினேந்திரன் மின்வாரியத்தில் இருந்தார். மகள் மதுமிதா வேலூரில் படித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, செவிலிமேட்டில் பயிற்சி மையம் நடத்தும் யேசுதாஸ் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். வாலாஜாபாத், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகள் தாங்கள் எடுக்கும் அப்ரண்டிஸ்களை அவரிடம் அனுப்பும். அவர் வெல்டிங், அளவெடுப்பு, ஒயரிங் எல்லாம் சோதித்து மார்க் போட்டுக் கொடுப்பார். இப்போது கம்பெனிகள் புதிதாக ஒன்றைக் கேட்டன.

“மார்க் ஷீட்டைப் பார்த்தா எல்லாரும் பாஸ்மா. ஆனா அன்னன்னிக்குச் செஞ்ச வேலையை எழுதற ஜாப் கார்டை நிரப்பச் சொன்னா முழிக்கிறாங்களாம். படிக்கத் தெரியுமா, ஒரு ஃபாரத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்கத் தெரியுமான்னு டெஸ்ட் பண்ணிக் குடுங்கன்றாங்க” என்றார் யேசுதாஸ்.

“எனக்குத் தப்பு கண்டுபிடிக்கத்தான் சார் தெரியும்” என்றாள் பிராமி.

“அப்புறம் என்ன? வாங்க.”

அவள் பாடப்புத்தகத்திலிருந்து எதையும் எடுக்கவில்லை. கம்பெனிகளில் தினமும் புழங்கும் காகிதங்களைக் கேட்டு வாங்கினாள். ஷிப்ட் அட்டவணை, கேட் பாஸ், லீவு ஃபாரம், பெயின்ட் டின் லேபிள், மெஷினில் தொங்கும் எச்சரிக்கை அட்டை. இவற்றை நகலெடுத்து இருபத்துநான்கு கேள்விகள் போட்டாள். ஒரு மணி நேரம். கையில் காகிதம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் பதில் எழுத வேண்டும். மனப்பாடத்துக்கு வேலையில்லை.

முதல் ஆறு மாதத்தில் அவள் எதிர்பார்க்காத சில விஷயங்களைப் பார்த்தாள். தடங்கலே இல்லாமல் சத்தமாகப் படிக்கிற பையன், ஷிப்ட் அட்டவணையில் தன் வரிசை எது, வெள்ளிக்கிழமை எது என்று கண்டுபிடிக்க முடியாமல் வியர்த்துப்போவான். நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்கத் திணறுகிற ஒரு வெல்டர், அதே அட்டவணையில் அரை நிமிஷத்தில் விரலை வைத்தான். ஆகவே அவள் மொத்த மார்க்கை மட்டும் அனுப்புவதில்லை. எது வருகிறது, எது வரவில்லை என்று ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி எழுதினாள். யேசுதாஸுக்கு அது பிடித்திருந்தது. கம்பெனிகள் அந்த இரண்டு வரியைப் படித்தனவா என்பது வேறு விஷயம்.

சென்ற ஜூன் மாதம் ரப்பர் வாஷர் செய்யும் ஒரு தொழிற்சாலையிலிருந்து முப்பத்தெட்டு பேர் வந்தார்கள். அங்கே சேர்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்த ஒரு வாரமும் பழைய ஆட்களின் பக்கத்தில் நின்று மெஷின்களைப் பார்த்திருந்தார்கள். கம்பெனியின் ஹெச்.ஆர். சிவபாலன் ஒரு மாதத்துக்கு முன்பே காகிதங்களை அனுப்பிவிட்டார். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். ரப்பரை அச்சில் வைத்து அழுத்தும் பிரஸ் மெஷினின் எச்சரிக்கை அட்டையைப் பற்றிய கேள்வி கட்டாயக் கேள்வி. அதில் தவறினால் மற்றதில் எவ்வளவு எடுத்தாலும் பிரஸ் பகுதியில் நிற்க முடியாது. பேக்கிங்குக்குப் போக வேண்டும். “கை போற விஷயம் மேடம்” என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

அந்தக் கேள்விதான் பதினான்காவது. மெஷினைத் துடைக்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை அது. மேல்பாதி தமிழ், கீழ்ப்பாதி ஆங்கிலம். கேள்வித்தாளில் பிராமி தமிழ்ப் பாதியை மட்டும் ஒட்டினாள். கேள்வி இதுதான்: மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, காற்றழுத்தம் பூஜ்யம் ஆகும் வரை மெஷினின் முன்மூடி எப்படி இருக்க வேண்டும் என்று அட்டை சொல்கிறது? அ, திறந்து. ஆ, மூடி. சரியான விடை ஆ.

முப்பத்தொரு பேர் அ என்று எழுதியிருந்தார்கள்.

முடிவைக் கேட்டு சிவபாலன் அன்று மாலையே போன் செய்தார். மார்க்கை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார். மறுநாள் காலையிலேயே தொழிற்சாலை நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஏறிவிட்டது. முப்பத்தொரு பேர் திங்கட்கிழமை முதல் பேக்கிங். ஏழு பேர் மட்டும் பிரஸ், மொத்த மார்க்கைப் பார்க்காமல் அந்த ஒரு கேள்வியை வைத்தே. கையெழுத்துப் போட்ட அறிக்கையை வியாழக்கிழமைக்குள் கொடுத்தால் போதும் என்றார்.

அன்று மத்தியானம் நித்யா போன் செய்தாள். ஜினேந்திரனின் சித்தப்பா மகள். திருப்பருத்திக்குன்றத்தில் இருக்கிறாள், நிலமும் சின்னதாக ஒரு உரக்கடையும் உண்டு. அவள் மகன் ரிஷப் அந்த முப்பத்தெட்டு பேரில் ஒருவன்.

“அண்ணி, நம்ம ரிஷப் மெஷின்ல நிக்கப்போறானாம். ஏழு பேருதான் தேறினாங்களாமே. அவனுக்குப் படிப்பு வரலை வரலைன்னு அவங்க அப்பா கரிச்சுக் கொட்டிக்கினே இருப்பாரு. இப்ப வாயை மூடிக்கினாரு.”

“நல்லதும்மா” என்றாள் பிராமி. போனை வைத்த பிறகு அவளுக்கு என்னவோ சரியாகப்படவில்லை. ரிஷப்பின் விடைத்தாளை அவள்தான் திருத்தியிருந்தாள். இருபத்துநான்குக்கு ஆறு.

விடைத்தாள் கட்டை மறுபடி எடுத்தாள். மார்க் வரிசைப்படி தாள்களை அடுக்கினாள். மேலே இருபத்துமூன்று வாங்கியவள், கீழே நாலு வாங்கியவன். அடுக்கிவிட்டு, பதினான்காம் கேள்விக்குச் சரி போட்ட ஏழு தாள்களிலும் ஒரு காகிதத் துண்டைச் செருகினாள். ஏழு துண்டுகளும் கட்டின் அடியில் சேர்ந்தாற்போல் நீட்டிக்கொண்டிருந்தன. ரிஷப்பின் தாள் அடியிலிருந்து மூன்றாவது.

எளிய கேள்வியைக் கெட்டிக்காரர்கள் எல்லோரும் தவறவிட்டு, மற்ற எதையும் எழுத முடியாதவர்கள் மட்டும் சரியாக எழுதுவது எப்படி? பார்த்து எழுதினார்களோ என்று முதலில் நினைத்தாள். ஏழு பேரும் அறையில் ஏழு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். பிராமி சமணக் குடும்பம், பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கமுள்ளவள். மணி ஆறானதும் டப்பாவைத் திறந்து கட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். எலுமிச்சை சாதத்தில் உப்பு இருந்ததா என்றுகூடக் கவனிக்கவில்லை.

மேலே இருந்த தாள் நிக்கத் என்ற பெண்ணுடையது. அதில் பதினான்காம் கேள்விக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு சொல் எழுதியிருந்தது. திருத்தும்போது பிராமி அதைக் கவனிக்கவே இல்லை. ‘அட்டைப்படி’.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்ததும் நிக்கத் வந்தாள். இருபது வயது. பெரிய காஞ்சிபுரத்துப் பெண். அப்பா வசீம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பை தைக்கிறார். உட்காரச் சொன்னதும் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

“என்னைப் பேக்கிங்ல போட்டுட்டாங்க மேடம். நான் ஐ.டி.ஐ.ல ரெண்டு வருஷம் மெஷின்ல நின்னவ.”

“அதுக்குத்தாம்மா கூப்பிட்டேன். இது நீ எழுதினதுதானே?” பிராமி பென்சில் எழுத்தைக் காட்டினாள்.

“ஆமா மேடம்.”

“எதுக்கு எழுதினே?”

“அட்டையில அப்படிப் போட்டிருக்குது, அதனால எழுதினேன். நீங்க அட்டை என்ன சொல்லுதுன்னுதானே கேட்டிருக்கீங்க?”

“அட்டையைப் படி.”

நிக்கத் கேள்வித்தாளை வாங்கி, நிறுத்தி நிறுத்திப் படித்தாள். “மெயின் சுவிட்சை அணைத்ததும், அழுத்தமானி பூஜ்யம் காட்டும் வரை முன்மூடியைத் திறந்து வைக்கவும்.”

பிராமி தாளை வாங்கி மேஜையில் வைத்தாள். டிராயரைத் திறந்து ஸ்கேலை எடுத்து வரிக்கு அடியில் வைத்தாள். கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வந்தாள். வைக்கவும். திறந்து. பென்சில் முனை அங்கேயே நின்றது. அந்தக் காகிதம் அவளிடம் ஒரு மாதமாக இருந்தது. அதை வெட்டியவள் அவள், ஒட்டியவள் அவள், முப்பத்தெட்டு நகல் எடுத்தவளும் அவள்தான். கீழ்ப்பாதி ஆங்கிலத்தைப் பார்த்துக் கேள்வி எழுதி, அதைப் பார்த்தே விடையும் குறித்திருந்தாள். மேல்பாதியை ஒரு தடவைகூடப் படித்திருக்கவில்லை.

எப்படி நேர்ந்திருக்கும் என்பது அவளுக்கு உடனே புரிந்தது. யாரோ தமிழில் ‘திறவாது வைக்கவும்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். டைப் அடித்தவருக்கு ‘திறவாது’ என்ற சொல் பழக்கமில்லை. பிழை என்று நினைத்துத் ‘திறந்து’ என்று சரிசெய்துவிட்டார். அச்சகத்தில் இதைப் போல நூறு பார்த்திருக்கிறாள்.

“மெஷின்ல நிக்கும்போது நீ என்னம்மா செய்வே?”

“முள்ளு ஜீரோவுக்கு வந்தப்புறம்தான் தொறப்பேன். உள்ளார காத்து இருக்கும்போது தொறந்தா அச்சு டபக்குன்னு இறங்கும் மேடம். ஒரு வாரமா அதைத்தான் சொல்லிக்கினு இருந்தாங்க.”

“அப்புறம் ஏன் அங்கேயே சொல்லல?”

“டெஸ்ட்ல பேசக் கூடாதுன்னீங்களே.”

பிராமி சொல்லியிருந்தாள். அது உண்மை. “தப்பு என்னுதும்மா” என்றாள். நிக்கத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிப் பிராமி தொழிற்சாலைக்குப் போனாள். வியாழக்கிழமைக்குள் கொடுக்க வேண்டிய அறிக்கையை அவள் கொடுத்திருக்கவில்லை. சிவபாலன் அவளைப் பிரஸ் பகுதிக்கு அழைத்துப்போனார். பன்னிரண்டு மெஷின்கள். பன்னிரண்டிலும் அதே அட்டை, லாமினேட் செய்து, நூலில் கட்டித் தொங்கியது. இரண்டு வருஷமாகத் தொங்குகிறது. பக்கத்தில் நின்றிருந்த ஆபரேட்டரிடம் இதைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டாள். “அதுவா? ஆடிட்டுக்கு மாட்டினது மேடம். எங்களுக்குத் தெரியுமே” என்றார் அவர்.

சிவபாலன் அட்டையைக் கையில் பிடித்து இரண்டு தடவை படித்தார். அவருக்கும் சொந்த ஊர் காஞ்சிபுரம்தான். தமிழ் மீடியத்தில் படித்தவர். முகம் சுருங்கிவிட்டது.

அறைக்குத் திரும்பியதும் கதவைச் சாத்தினார். “இன்னிக்கே எல்லாத்தையும் கழட்டிடறேன் மேடம். லிஸ்ட்டையும் எடுத்துடறேன். நீங்க அந்தக் கேள்வியை மட்டும் நீக்கிட்டு இருபத்துமூணுக்கு ரிப்போர்ட் குடுத்துடுங்க. அட்டையைப் பத்தி எழுத வேணாம். அடுத்த மாசம் ஹெட் ஆபீஸ் ஆடிட் இருக்குது. ரெண்டு வருஷமா தப்பான அட்டை தொங்கிச்சுன்னா அது என் தலையிலதான் விடியும். நான் வந்தே ஒரு வருஷம்தான் ஆகுது.”

“மொத்தம் எத்தனை வகை அட்டை மாட்டியிருக்குது சார்?”

“நாப்பது வகை இருக்கும்.”

“எல்லாம் ஒரே ஆள் அடிச்சதா?”

ஒரே நாளில், ஒரே இடத்தில் அடித்து வாங்கியது என்பது சிவபாலனுக்கும் தெரியும்.

“யாரும் படிக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகல சார். இப்ப நாமளே படிங்கன்னு டெஸ்ட் வெச்சிட்டோம். இந்தப் பசங்க படிப்பாங்க” என்றாள் பிராமி.

செவிலிமேட்டுக்குத் திரும்பி ஒரு பக்க அறிக்கை எழுதினாள். கேள்வி பதினான்கு: அட்டையின் தமிழ் வாசகம் தவறு. ‘திறவாது’ என்று இருக்க வேண்டியது ‘திறந்து’ என்று இருக்கிறது. முப்பத்தொரு பேர் அட்டையைச் சரியாகப் படித்திருக்கிறார்கள். ஏழு பேர் அட்டையைப் படிக்காமல், பழகிய வேலையை நினைத்து எழுதியிருக்கிறார்கள். அவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி தேவை. விடை குறித்தவரும் தமிழ் வாசகத்தைப் படிக்கவில்லை. அவர் பிராமி ஆகிய நான். எல்லா அட்டைகளையும் சரிபார்ப்பது நல்லது.

யேசுதாஸ் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அட்டையைப் பத்தி எழுதினது சரி. நம்ம தப்பை நாமளே எழுதிக் குடுக்கணுமாம்மா? அடுத்த கம்பெனிக்காரன் இதைப் பாத்தா என்ன நினைப்பான்?”

“அதை விட்டுட்டா, நான் படிச்சுக் கண்டுபிடிச்ச மாதிரி ஆவுது சார். கண்டுபிடிச்சது அந்தப் பொண்ணு.”

யேசுதாஸ் முத்திரையை எடுத்துக் குத்தினார். அந்த விஷயத்தை அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. நாலு மாதம் கழித்து அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம், அடுத்த வருஷத்திலிருந்து வாசிப்புத் தேர்வைக் கம்ப்யூட்டரில் தாங்களே வைத்துக்கொள்வதாகக் கடிதம் எழுதியபோதுகூட, கடிதத்தை அவள் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அட்டைகள் மாறின. சிவபாலன் நாற்பதையும் ஒரு கவரில் போட்டு அவளிடமே கொண்டுவந்தார். இன்னும் நாலு பிழைகள் இருந்தன. மூன்று அற்பமானவை. நாலாவது ஒரு அடுப்பின் சூட்டைப் பத்து மடங்காகக் காட்டியது. அந்த அளவுக்கு அந்த அடுப்பு ஏறவே ஏறாது என்பதால் அது யாரையும் ஒன்றும் செய்திருக்காது. ஆடிட்டில் சிவபாலனுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. வேலை போகவில்லை. அதற்குப் பிறகு போனில் பேசும்போது அவர் குரலில் கொஞ்சம் விறைப்பு இருந்தது. அதைப் பிராமி தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. நிக்கத் பிரஸ் பகுதிக்குப் போனாள். இப்போது இரண்டாவது ஷிப்டில் ஐந்தாம் நம்பர் மெஷினில் நிற்கிறாள்.

வீட்டுப் பக்கம்தான் கஷ்டமாக இருந்தது. ரிஷப் உட்பட ஏழு பேரையும் கம்பெனி மெஷினில் விடவில்லை. வாசிப்புப் பயிற்சி முடியும் வரை பேக்கிங் என்றது. தினமும் ஒரு மணி நேரம் மையத்துக்கு அனுப்பவும் ஒப்புக்கொண்டது.

நித்யா ஒரே ஒரு தடவை போன் செய்தாள். “சொந்தப் பையன் சரியா எழுதினதைப் போய்த் தப்புன்னு எழுதிக் குடுத்தீங்களே அண்ணி. ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன் நான்.” பிராமி விளக்கப் பார்த்தாள். படிக்காமல் சரியாக எழுதுவதும், படித்துத் தவறாக எழுதுவதும் வேறு வேறு என்று போனில் சொல்லிப் புரியவைப்பது எளிதாக இல்லை. அதற்குப் பிறகு மூன்று மாதம் நித்யா பேசவில்லை. ஆவணியில் ஒரு நிச்சயதார்த்தத்தில் பார்த்தபோது இருவரும் ஒரே பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து, இலையைப் பார்த்துச் சாப்பிட்டு எழுந்தார்கள். ஜினேந்திரன், “வயசாறதுக்குள்ள சரியாயிடும்” என்றார்.

ரிஷப்புக்குக் கோபம் இல்லை. முதல் நாள் வகுப்புக்கு வந்தபோது அவன் பயந்திருந்தான்.

“அட்டையைப் படிச்சியாடா?” என்று பிராமி கேட்டாள்.

“இல்ல அத்தை. நிறைய எழுத்து இருந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஓடுது. கேள்வியை மட்டும் எழுத்துக் கூட்டிப் பாத்தேன். மூடியிருக்கணும்னு தெரியும். போட்டுட்டேன்.”

“பத்தாவது எப்படிடா பாஸ் பண்ணே?”

“கொரோனா அத்தை. ஒம்பதாவதும் ஆல் பாஸ், பத்தாவதும் ஆல் பாஸ். ஸ்கூலுக்கே போகலை. ஐ.டி.ஐ.ல பிராக்டிகல்ல நல்லா பண்ணிடுவேன். எழுதுறதை மட்டும் பக்கத்துல இருக்கறவன் காட்டுவான்.”

அந்த ஏழு பேருக்கும் இதே கதைதான், அங்கங்கே கொஞ்சம் மாற்றத்தோடு. பிராமி அவர்களுக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கவில்லை. எழுத்து அவர்களுக்குத் தெரியும். வரியில் நிற்கத்தான் வரவில்லை. ஆளுக்கொரு ஸ்கேல் வாங்கிக் கொடுத்தாள். ஜாப் கார்டு, பஸ் நேரப் பலகையின் போட்டோ, மருந்துச் சீட்டு, செல்போன் கம்பெனி அனுப்பும் குறுஞ்செய்தி என்று எது கிடைத்தாலும் ஒரு வரி, ஒரு கேள்வி, ஒரு பதில். ஒருவன் இரண்டாவது வாரமே வேலையை விட்டுப் போய்விட்டான். மற்றொருவனுக்குக் கண்ணில்தான் கோளாறு என்று மூன்றாவது வாரம் தெரிந்தது. கண்ணாடி போட்டதும் பதினைந்து நாளில் தேறிவிட்டான். மற்ற ஐந்து பேருக்கும் மெதுவாகத்தான் வந்தது.

அக்டோபரில் மறுபடி தேர்வு வைத்தாள். புதுக் கேள்வித்தாள். இந்தத் தடவை நகல் எடுக்கும் முன் தானே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, விடைத்தாளைப் பார்க்காமல், இருபத்துநான்கு கேள்விக்கும் காகிதத்தைப் படித்துப் பதில் எழுதினாள். பிறகு யேசுதாஸையும் எழுத வைத்தாள். அவர் இரண்டு தவறவிட்டார். அதில் ஒன்று கேள்வியின் குறை. அதை மாற்றினாள்.

ரிஷப் பதின்மூன்று வாங்கினான். பிரஸ் பகுதிக்குக் கம்பெனி இப்போது பதினாறு கேட்டது. இன்னும் மூன்று வேண்டும். அடுத்த தேர்வு டிசம்பரில். தாளைக் கையில் கொடுத்தபோது அவன் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு சிவப்புக் கோடாகப் பார்த்துக்கொண்டு வந்தான். ஒன்பதாம் கேள்வியில் நின்றான். லீவு ஃபாரத்தைப் பற்றியது. அனுமதிக்கு யார் கையெழுத்திட வேண்டும் என்ற இடத்தில், லீவு கேட்டவரின் பெயரை எழுதியிருந்தான்.

“இதுவும் யூகிச்சு எழுதினதுதானே?” என்றாள் பிராமி.

“இல்ல அத்தை.” அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இதைப் படிச்சுட்டுதான் தப்பாப் போட்டேன். மேல் வரியைப் படிச்சுட்டேன், கீழ் வரி இருக்கறதைப் பாக்கல.”

பிராமி அந்த ஃபாரத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் கீழ் வரியைச் சத்தமாகப் படித்தான். பிறகு எழுந்து, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.